மருத்துவமனைப் பணியிலிருந்து பள்ளிச் செவிலியர் பணிக்கு: பெற்றோரும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

மருத்துவமனை வார்டுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர்கள் சிலர் பள்ளிச் செவிலியர் பணிக்கு மாறுகின்றனர். இரவுப்பணி இல்லாமை, பள்ளி விடுமுறை நாள்கள், தம் குழந்தைகளின் படிப்பு ஆகியவை இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதான பணியாகத் தோன்றலாம். உண்மையில், மருத்துவமனையில் செவிலியருக்குத் துணை நின்ற மருத்துவர், நோயாளிக் குறிப்பேடு, ஆய்வகம், உடன் பணிபுரியும் செவிலியர் ஆகிய எதுவும் பள்ளியில் அருகில் இருப்பதில்லை. அந்த வெற்றிடத்தைப் பெருமளவு நிரப்பக்கூடியவர்கள் பெற்றோரே ஆவர்.

இப்பணி மாற்றத்தில் செவிலியரின் பொறுப்பு எவ்வாறு மாறுகிறது என்பதையும், நீடித்த நோயுள்ள குழந்தையின் பெற்றோர் பள்ளிச் செவிலியருக்கு எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

பள்ளிச் செவிலியர் என்பவர் யார்?

பள்ளி வளாகத்தில் மாணவர்களின் உடல்நலத்திற்குப் பொறுப்பேற்கும் பதிவு பெற்ற செவிலியரே பள்ளிச் செவிலியர் ஆவார். இந்தியாவில் ஜி.என்.எம். எனப்படும் செவிலியர் பட்டயப் படிப்பையோ நான்காண்டு பி.எஸ்சி. செவிலியர் பட்டப் படிப்பையோ முடித்து, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்கள் இப்பணிக்குப் பொதுவாகத் தகுதியுடையவர்கள். குழந்தைகள் வார்டு அல்லது அவசர சிகிச்சைப் பிரிவில் பெற்ற அனுபவமும், அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் கூடுதல் சிறப்பாகக் கருதப்படுகின்றன.

ஜவஹர் நவோதயா வித்யாலயா, சைனிக் பள்ளிகள், ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் போன்றவற்றில் செவிலியர் பணியிடங்கள் உள்ளன. தனியார் பள்ளிகள் பலவற்றில் ‘சிக் ரூம்’ என்று மாணவர்கள் அழைக்கும் முதலுதவி அறையில் செவிலியர் ஒருவர் பணியில் இருப்பார். அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் வந்து மாணவர்களைப் பரிசோதிக்கின்றன. அக்குழுவிலும் செவிலியர் ஒருவர் இடம்பெறுவார்.

இப்பணி தோன்றிய வரலாறு

1902ஆம் ஆண்டில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் மாணவர்களைப் பரிசோதித்து, தொற்றுநோய் உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பி வந்தனர். கண்நோய், தோல்நோய், பேன் தொல்லை போன்றவற்றுக்காக அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலருக்கு வீட்டில் சிகிச்சை கிடைக்கவில்லை. அவர்கள் பள்ளிக்குத் திரும்பவும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் லினா ரோஜர்ஸ் என்னும் செவிலியர், சோதனை முயற்சியாக நான்கு பள்ளிகளில் பணியமர்த்தப்பட்டார். அவர் எளிய நோய்களுக்குப் பள்ளியிலேயே சிகிச்சை அளித்தார். வீடுகளுக்குச் சென்று தாய்மார்களுக்கு மருந்திடும் முறையைச் செய்து காட்டினார். முயற்சி வெற்றி பெற்றதால் மேலும் பல செவிலியர்கள் நியமிக்கப்பட்டனர். 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை, 1903 செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தது.

இந்தியாவில் பள்ளி மாணவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை முதன்முதலில் 1909ஆம் ஆண்டில் பரோடா நகரில் நடைபெற்றது. எனினும், நாட்டில் பள்ளி நலப்பணி ஏறக்குறைய இல்லாத நிலையே உள்ளது என்று 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. பள்ளி நலத்தை மேம்படுத்தும் வழிகளை ஆராய 1960ஆம் ஆண்டில் தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

லினா ரோஜர்ஸின் பணி வெற்றி பெற்றதற்குப் புதிய மருந்து எதுவும் காரணம் அன்று. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே ஒருவர் நடந்து சென்றதே காரணம். இன்றும் பள்ளிச் செவிலியர் பணியின் சாரம் அதுவே.

மருத்துவமனைப் பணிக்கும் பள்ளிப் பணிக்கும் உள்ள வேறுபாடுகள்

தகவல் கிடைக்கும் முறை

மருத்துவமனையில் ஒரு செவிலியர் பணிக்கு வந்தவுடன், முந்தைய பணிநேரச் செவிலியர் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் எடுத்துக் கூறிப் பணியை ஒப்படைப்பார். நோயாளி என்ன மருந்து உட்கொண்டார், எதற்கு ஒவ்வாமை உண்டு, இரவில் காய்ச்சல் இருந்ததா என்பன அனைத்தும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். பள்ளியில் இத்தகைய ஒப்படைப்பு தானாக நிகழ்வதில்லை. காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குள் நுழையும் குழந்தையின் முந்தைய பணிநேரப் பராமரிப்பாளர் பெற்றோரே. அவர்கள் சொன்னால் மட்டுமே செவிலியருக்குத் தெரியும்.

காய்ச்சல் மருந்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலேசான காய்ச்சல் உள்ள குழந்தைக்குக் காலை ஏழு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறார் தாய். ஒன்பதரை மணிக்குக் காய்ச்சலுடன் குழந்தை முதலுதவி அறைக்கு வருகிறது. காலையில் மருந்து குடித்ததைச் சிறு குழந்தைக்குச் சொல்லத் தெரியாமல் போகலாம். இரண்டு வேளை பாராசிட்டமாலுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். செவிலியர் பெற்றோரை அழைத்துக் கேட்காமல் மருந்து தர மறுப்பது இதனால்தான். அவ்வழைப்பை எடுக்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

உடனடி மருத்துவ உதவி

வார்டில் நோயாளியின் நிலை மோசமானால், சில நிமிடங்களில் மருத்துவர் வந்துவிடுவார். பள்ளியில் அந்த முதல் நிமிடங்களைச் செவிலியர் தனியாகவே கையாள வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தையின் மூச்சு, நாடித்துடிப்பு, நினைவுநிலை ஆகியவற்றைக் கவனிப்பதும், பள்ளி நிர்வாகத்திற்கும் பெற்றோருக்கும் தகவல் அனுப்புவதும் அவரது பொறுப்பாகும்.

இங்கு மருத்துவமனை அனுபவம் பெரிதும் உதவுகிறது. அழும் குழந்தையைவிட அசைவின்றிச் சோர்ந்து கிடக்கும் குழந்தையே அதிகக் கவலைக்குரியது என்பதை வார்டில் பணியாற்றியவர் பார்த்த மாத்திரத்தில் உணர்வார். மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தசை உட்குழிவது, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமல் திணறுவது ஆகியவை அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

மருந்து கொடுக்கும் அதிகாரம்

மருத்துவமனையில் மருத்துவரின் எழுத்து ஆணை ஒவ்வொரு மருந்துக்கும் இருக்கும். பள்ளியிலும் அதே விதியே பின்பற்றப்பட வேண்டும். வீட்டிலிருந்து ஒரு மாத்திரையைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பி, “மதியம் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்டுக்கொண்டால் பள்ளிச் செவிலியர் அதனை ஏற்க இயலாது. அது கண்டிப்பு அன்று; குழந்தையின் பாதுகாப்பு.

நோயாளி என்ற நிலையே மாறுதல்

மருத்துவமனையில் படுக்கையில் இருப்பவர் நோயாளி என்பது முன்னரே முடிவானது. பள்ளியில் நலமாக இருக்கும் நூற்றுக்கணக்கான குழந்தைகளிடையே, நலமின்றி இருக்கும் ஒருவரைக் கண்டறிய வேண்டும். வார்டிலிருந்து வரும் செவிலியர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய முதன்மைத் திறன் இதுவே.

வயிற்றுவலி என்று வரும் மாணவிக்கு ஒருநாள் ஓய்வு அளித்து அனுப்புவது எளிது. அதே மாணவி ஒவ்வொரு திங்கட்கிழமையும், அதே பாடவேளையில் வருகிறாரா என்பதைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதே பள்ளிச் செவிலியரின் பணி. அவ்வலிக்குப் பின்னால் காலை உணவு உண்ணாமை, மாதவிடாய், மலச்சிக்கல், தேர்வு அச்சம், வகுப்பில் கேலி, வீட்டில் சச்சரவு என எதுவும் இருக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல விரும்பாமல் நாள் முழுவதும் தண்ணீரைத் தவிர்க்கும் மாணவிகள் பலர் உள்ளனர். சிறுநீர் எரிச்சலுக்கு மருந்து தருவது மருத்துவமனையின் பணி. கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருப்பதைத் தலைமையாசிரியரிடம் தெரிவிப்பது பள்ளிச் செவிலியரின் பணி.

நோயை மறைக்க வேண்டா

தம் குழந்தைக்கு வலிப்பு நோய் அல்லது நீரிழிவு உள்ளது என்பதைப் பள்ளியில் தெரிவிக்கப் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். பள்ளியில் சேர்க்க மறுத்துவிடுவார்களோ, மற்ற குழந்தைகள் ஒதுக்குவார்களோ, பெண் குழந்தை எனில் பிற்காலத்தில் திருமணத்திற்குத் தடையாகுமோ என்ற அச்சங்கள் இதற்குக் காரணம். அவ்வச்சங்கள் புரிந்துகொள்ளத்தக்கவையே. ஆயினும் மறைப்பதன் விலையைக் குழந்தையே கொடுக்க நேரிடும்.

முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு மாணவனுக்கு மூன்றாம் பாடவேளையில் இரத்தச் சர்க்கரை குறைகிறது எனக் கொள்வோம். அவன் எரிச்சலுடன் பேசுகிறான், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் விடை சொல்கிறான், மேசையில் தலைசாய்க்கிறான். நோய் பற்றி அறியாத ஆசிரியருக்கு அது ஒழுங்கின்மையாகவே தோன்றும். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படும் அக்குழந்தை மயங்கி விழும் வரை எவருக்கும் உண்மை தெரியாது. முன்னரே தெரிந்திருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையில் அந்நிலையைத் தடுத்திருக்கலாம்.

முழு வகுப்புக்கும் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. செவிலியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பள்ளிப் பேருந்துப் பொறுப்பாளர் ஆகியோருக்கு மட்டும் தெரிந்தால் போதுமானது. எவரெவருக்குத் தெரிவிக்கலாம் என்பதைப் பெற்றோரே எழுத்து மூலம் குறிப்பிடலாம்.

பெற்றோர் ஒப்படைக்க வேண்டிய விவரங்கள்

கல்வியாண்டின் தொடக்கத்தில் பின்வரும் விவரங்களை ஒரே தாளில் எழுதி, செவிலியரை நேரில் சந்தித்து ஒப்படைக்கவும்.

• குழந்தையின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, தற்போதைய எடை. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு பருவத்திலும் எடையைப் புதுப்பிக்கவும்.
• நோயின் பெயர், கண்டறியப்பட்ட ஆண்டு, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பெயர் மற்றும் தொலைபேசி எண்.
• வீட்டில் உட்கொள்ளும் மருந்துகள், அளவு, நேரம். சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருந்துகள் இருப்பின் அவற்றையும் குறிப்பிடவும்.
• மருந்து அல்லது உணவு ஒவ்வாமை. அது ஏற்பட்டபோது தோன்றிய அறிகுறிகள்.
• முன்னர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட விவரம், அறுவை சிகிச்சைகள்.
• உங்கள் குழந்தைக்கே உரிய முன்னறிகுறிகள். ‘சர்க்கரை குறையும்போது கொட்டாவி விடுவான்’, ‘இழைப்பு வருமுன் தொண்டையைச் சொறிவாள்’ போன்ற குறிப்புகள் எந்த மருத்துவ அறிக்கையிலும் இரா. பெற்றோருக்கு மட்டுமே தெரிந்தவை.
• அவசர நேரத்தில் அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்கள். இருவரில் ஒருவரேனும் பள்ளி நேரத்தில் அழைப்பை எடுக்கக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய குழந்தையை மீண்டும் பள்ளிக்கு அனுப்பும் முன், சிகிச்சை முடிவு அறிக்கையின் நகலைச் செவிலியரிடம் தரவும். வார்டில் பணியாற்றிய அனுபவம் உடையவர் அவ்வறிக்கையை எளிதில் படித்துப் புரிந்துகொள்வார். எத்தனை நாள் விளையாட்டைத் தவிர்க்க வேண்டும், மாடிப்படி ஏறலாமா, கட்டுப் பிரிக்கும் நாள் எது என்பவற்றை அவருடன் பேசி முடிவு செய்யவும்.

நீடித்த நோயுள்ள குழந்தைகளுக்கான பள்ளிப் பராமரிப்பு

கீழ்க்காண்பவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டமே முதன்மையானது.

முதல் வகை நீரிழிவு

மதிய உணவுக்கு முன் இன்சுலின் தேவைப்படும் குழந்தைகளுக்குத் தூய்மையான, மறைவான இடம் வேண்டும். கழிப்பறையில் ஊசி போட்டுக்கொள்ளும் நிலை எந்தக் குழந்தைக்கும் ஏற்படக் கூடாது.

இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி. அளவுக்குக் கீழே குறைவது தாழ்சர்க்கரை நிலை ஆகும். நடுக்கம், வியர்வை, பசி, தலைவலி, எரிச்சல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். குழந்தை நினைவுடன் விழுங்கும் நிலையில் இருந்தால், ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் குறித்த அளவைப் பின்பற்ற வேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருத்துவர் குளுக்ககான் ஊசி பரிந்துரைத்திருந்தால் அதனைப் பள்ளியிலும் வைத்திருக்கவும்.

இந்நிலையில் உள்ள குழந்தையை முதலுதவி அறைக்குத் தனியாக நடத்தி அனுப்பக் கூடாது. இரண்டாம் மாடியிலிருந்து இறங்கும் வழியிலேயே மயக்கம் ஏற்படக்கூடும். குளுக்கோஸ் குழந்தையின் பையிலும் வகுப்பறையிலும் இருக்கட்டும். செவிலியரே வகுப்பறைக்கு வரட்டும். பொதுத் தேர்வு எழுதும் முதல் வகை நீரிழிவு மாணவர்கள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்கு எடுத்துச் செல்ல மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது.

வலிப்பு நோய்

வலிப்பு ஏற்பட்ட குழந்தையைச் சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மென்மையான துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பற்களுக்கு இடையே கரண்டியோ விரலோ நுழைப்பது, கை கால்களை அழுத்திப் பிடிப்பது, முகத்தில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவை காயத்தையும் மூச்சடைப்பையும் உண்டாக்கக்கூடும்.

வலிப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் ஏற்பட்டாலோ அது அவசர நிலை ஆகும். மூக்கில் தெளிக்கும் மிடசோலம் போன்ற மருந்தை மருத்துவர் பரிந்துரைத்திருந்தால், அதனைப் பயன்படுத்தும் முறையையும் அளவையும் எழுத்து மூலம் செவிலியரிடம் கொடுக்கவும்.

ஆஸ்துமா

இழைப்பு உள்ள குழந்தையின் இன்ஹேலர் எந்நேரமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி, சாவி அலுவலகத்தில் இருந்தால் இன்ஹேலர் இருந்தும் பயன் இல்லை. ஸ்பேசரையும் உடன் கொடுத்தனுப்பவும். குழந்தை பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண மருந்தை உறிஞ்சிய பின்னும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வகுப்பைக் கூட்டும் நேரம், சுண்ணக்கட்டித் தூசி, ஆய்வக வாயுக்கள் போன்ற தூண்டுகாரணிகளைச் செவிலியர் ஆசிரியர்களுடன் பேசிக் குறைக்க முடியும்.

கடும் ஒவ்வாமை

வேர்க்கடலை, முந்திரி, முட்டை, பால், தேனீக் கொட்டு போன்றவற்றால் சில குழந்தைகளுக்கு நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் ஆகியவை அறிகுறிகள். தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே இதற்கு முதல் மருந்து. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. குழந்தையின் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிச் செவிலியரிடம் கொடுக்கவும். பிறந்தநாள் இனிப்புகளும் நண்பரின் உணவு டப்பாவும் ஒவ்வாமைப் பொருள் வரும் வழிகள் என்பதைக் குழந்தைக்கும் கற்பிக்கவும்.

பள்ளியில் மருந்து கொடுப்பதற்கான நடைமுறை

• மருந்துச் சீட்டின் நகலும், பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதமும் தேவை.
• மருந்து அதன் அசல் அட்டை அல்லது புட்டியிலேயே, காலாவதித் தேதி தெரியும்படி இருத்தல் வேண்டும்.
• சிறு குழந்தையின் பையில் மருந்தை வைத்து அனுப்பாமல், பெரியவர் ஒருவர் நேரில் ஒப்படைக்கவும். இன்ஹேலர், குளுக்கோஸ் போன்ற உயிர்காக்கும் பொருள்களுக்கு இவ்விதி பொருந்தாது.
• குறுகிய காலத்திற்கு மட்டும் தேவைப்படும் மருந்துகளைப் பள்ளி நேரத்திற்கு முன்னும் பின்னும் கொடுக்க இயலுமா என மருத்துவரிடம் கேட்டறியவும். பல மருந்துகளுக்கு இது இயலும்.
• மருந்தின் அளவு மாறினால் அன்றே புதிய சீட்டைக் கொடுக்கவும்.

குழந்தையை எப்போது வீட்டில் நிறுத்த வேண்டும்?

• காய்ச்சல்: மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் நின்று 24 மணி நேரம் ஆகும் வரை.
• சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் பொருக்காகும் வரை.
• தட்டம்மை: தடிப்பு தோன்றிய பின் நான்கு நாள்கள் வரை.
• பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கிய பின் ஐந்து நாள்கள் வரை.
• வயிற்றுப்போக்கு, வாந்தி: முழுமையாக நின்று குறைந்தது 24 மணி நேரம் வரை, பள்ளி 48 மணி நேரம் கோரினால் அதனைப் பின்பற்றவும்.
• பேன் தொல்லை: பள்ளியைத் தவிர்க்கத் தேவை இல்லை. சிகிச்சை அளித்து அனுப்பலாம்.

அம்மை கண்ட குழந்தையைத் தனித்து வைத்துப் பராமரிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அத்துடன் பள்ளிக்கும் தெரிவிக்கவும். அதே வகுப்பில் புற்றுநோய்க்கான சிகிச்சை பெறும் குழந்தையோ, கருவுற்ற ஆசிரியரோ இருக்கலாம். அவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை தேவையெனில் சில நாள்களுக்குள் அளித்தாக வேண்டும். பெயரைக் கூறாமலே அவர்களை எச்சரிப்பது செவிலியரின் பொறுப்பு.

அரசின் பள்ளி நலத் திட்டங்கள்

2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். பிறவிக் குறைபாடுகள், நோய்கள், சத்துக் குறைபாடுகள், வளர்ச்சித் தாமதங்கள் ஆகிய நான்கு பிரிவுகள் இதில் அடங்கும். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருகை தருவது இத்திட்டத்தின் நெறிமுறை. மேல்சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்குப் பரிந்துரைச் சீட்டு வழங்கப்படும். அச்சீட்டைப் புத்தகப் பையிலேயே விட்டுவிடாமல், குறிப்பிட்ட மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வது பெற்றோரின் கடமை.

தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலானோருக்கு அல்பெண்டசோல் மாத்திரையும், வளரிளம் பருவத்தினருக்கு வாராந்திர இரும்புச்சத்து மற்றும் ஃபோலிக் அமில மாத்திரையும் வழங்கப்படுகின்றன. 10 மற்றும் 16 வயதில் டி.டி. தடுப்பூசி போடப்பட வேண்டும்.

இரகசியம் காத்தலும் குழந்தைப் பாதுகாப்பும்

மருத்துவமனையில் நோயாளியின் விவரங்களைக் காப்பது போலவே, பள்ளிச் செவிலியரும் மாணவரின் உடல்நல விவரங்களைக் காக்க வேண்டும். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல் துறைக்குத் தெரிவிக்க அவர் கடமைப்பட்டவர். பள்ளியின் நற்பெயர் கருதியோ குடும்பத்தின் வேண்டுகோளை ஏற்றோ அதனை மறைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பள்ளியில் செவிலியர் இல்லை. யாரிடம் தெரிவிப்பது?
தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் விவரத் தாளை ஒப்படைக்கவும். முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எவர் எனக் கேட்டறியவும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணையும் தாளில் குறிப்பிடவும்.

பள்ளிச் செவிலியர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருவாரா?
இல்லை. அவர் முதலுதவி அளிப்பார். மருத்துவர் எழுதிய மருந்தைக் கொடுப்பார். தேவையெனில் மருத்துவரிடம் செல்லுமாறு பரிந்துரைப்பார்.

விளையாட்டில் தலையில் அடிபட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் எதைக் கவனிக்க வேண்டும்?
மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பக் கடினமான தூக்கம், தடுமாற்றம், வலிப்பு, மூக்கு அல்லது காதிலிருந்து நீர் அல்லது இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். முதல் 24 மணி நேரம் குழந்தையைத் தனியே விட வேண்டா.

செவிலியர் பணி மாறி வேறொருவர் வந்தால்?
விவரத் தாள் பள்ளியில் இருக்கும் என எண்ணி விட்டுவிடாமல், புதியவரை ஒருமுறை நேரில் சந்திக்கவும். அவர் மருத்துவமனையிலிருந்து அண்மையில் வந்தவராக இருக்கலாம். நோயைப் பற்றி அவருக்கு நன்கு தெரியும். உங்கள் குழந்தையைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவசர உதவி எண்கள்

ஆம்புலன்ஸ்: 108
அவசர உதவி: 112
குழந்தைகள் உதவி எண்: 1098
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416

நினைவில் கொள்ள வேண்டியவை

• பள்ளிச் செவிலியருக்குக் குறிப்பேடாக அமைவது பெற்றோர் தரும் தகவலே.
• காலையில் கொடுத்த மருந்தை அன்றே தெரிவிக்கவும்.
• நோயை மறைப்பது குழந்தையைப் பாதுகாக்காது.
• உயிர்காக்கும் மருந்து பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது.
• எடை, மருந்து, தொலைபேசி எண் ஆகியவற்றில் மாற்றம் ஏற்பட்டவுடன் புதுப்பிக்கவும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்காக வழங்கப்பட்டவை. குழந்தையின் சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்.